அத்தியாயம் 5: மருத்துவமனைத் தொற்றைத் தடுப்பது எப்படி? சான்று காட்டும் வழி

2008 ஜூலையில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் கிராமங்களில் இலவசக் கண் முகாம் நடந்தது. அங்கிருந்து கண்புரை அறுவைக்காகப் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களில் 66 பேர், அறுவை செய்த கண்ணில் பார்வையை இழந்தார்கள். மங்கல் தெளியும் என்று நம்பிப் போனவர்களுக்கு இருந்த பார்வையும் போனது. வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுவந்த நோயல்ல அது. சிகிச்சை நடந்த இடத்தில் கண்ணுக்குள் புகுந்த தொற்று.

விழுப்புரம் மாவட்டத்தில் மருத்துவம் பார்க்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்வு இது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, விழுப்புரம், திண்டிவனம் அரசு மருத்துவமனைகள், வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்கள், பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு நர்சிங் ஹோம்கள் என எங்கே வேலை பார்த்தாலும், இந்த அத்தியாயம் உங்களுக்கானது.

மருத்துவமனைத் தொற்று என்பது எது?

அனுமதிக்கும்போது இல்லாமல், பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றை மருத்துவமனைத் தொற்று என்கிறோம். அறுவைப் புண்ணில் சீழ், சிறுநீர்க் குழாய் வழியாக வரும் தொற்று, ரத்தக் குழாயில் செருகிய ஊசிக்குழாய் வழியாக ரத்தத்தில் கலக்கும் கிருமி, வென்டிலேட்டரில் இருப்பவருக்கு வரும் நிமோனியா ஆகிய நான்கும் இதில் முதன்மையானவை. வீடு திரும்பிய பிறகு தையல் பிரிந்து சீழ் வைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உடனடிச் சிகிச்சை (அக்யூட் கேர்) தரும் மருத்துவமனைகளில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது வருகிறது. தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கிறார். கை சுத்தமும் மற்ற அடிப்படை நடவடிக்கைகளும் ஒழுங்காக நடந்தால் இந்தத் தொற்றுகளில் 70 சதவீதம் வரை தவிர்க்கலாம் என்பதும் அதே அறிக்கையின் கணிப்பு.

சான்றைத் தேடும் பழக்கம்

“எங்க ஹெட் சிஸ்டர் காலத்திலிருந்து இப்படித்தான் செய்றோம்” என்பது வார்டில் அடிக்கடி கேட்கும் பதில். அந்த வழக்கம் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிச் சோதித்துப் பார்த்ததில் உலகத்துக்கே வழிகாட்டிய ஊர் சென்னை.

1950களில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் சேர்க்க வேண்டும், வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கே பரவும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அதைச் சோதித்தது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் காசநோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

உங்கள் வார்டு வழக்கம் எதையும் இதே முறையில் நான்கு கேள்விகளாக உடைத்துக் கேளுங்கள்.

1. யாருக்குச் செய்கிறோம்?
2. என்ன செய்கிறோம்?
3. அதற்குப் பதில் வேறு என்ன செய்யலாம்?
4. எந்தப் பலனை அளக்கப் போகிறோம்?

பதில் தேடும்போது முதலில் மத்திய சுகாதார அமைச்சகம் 2020இல் வெளியிட்ட தேசியத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதலைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வுகளைப் பாருங்கள். ஒரே ஒரு ஆய்வையோ, மருந்து விற்பனைப் பிரதிநிதி தரும் துண்டுத்தாளையோ வைத்து வழக்கத்தை மாற்றாதீர்கள்.

சான்று நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. கையில் போடும் ஊசிக்குழாயான வென்ஃப்ளானை மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது பழைய விதி. ஆஸ்திரேலியாவில் 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, வலியோ சிவப்போ வந்தால் மட்டும் மாற்றினாலும் கெடுதல் இல்லை என்றது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் அந்தப் புதிய முறைக்கு மாறின. ரத்தத் தொற்று கூடியது. பழைய விதிக்கே திரும்பினார்கள். இந்த அனுபவம் 2021இல் வெளியானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு நடைமுறை கிடைக்கிறது: ஒவ்வொரு ஷிப்டிலும் ஊசி போட்ட இடத்தைப் பார்க்க ஆள் இருந்தால், அறிகுறியைப் பார்த்து மாற்றலாம். இரவில் ஒரே சிஸ்டர் வார்டு முழுவதையும் பார்க்கும் நிலை என்றால், நாள் கணக்கு வைத்து மாற்றுவதே பாதுகாப்பு.

முதல் வேலை: கை

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில், ஏப்ரல் மாதம் 18 சதவீதத்துக்கு மேல் தாய்மார்கள் இறந்தார்கள். பிணவறையிலிருந்து வருபவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே பிரசவ அறைக்குள் வரவேண்டும் என்று மே மாதம் அங்கிருந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் கட்டளையிட்டார். ஜூன் மாதம் சாவு 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம் அது. எண்களைக் குறித்து வைத்ததால்தான் அவரால் காட்ட முடிந்தது.

இன்று நமக்கு விதி தெளிவாக இருக்கிறது. கீழ்க்கண்ட ஐந்து தருணங்களில் கை சுத்தம் கட்டாயம்:

1. நோயாளியைத் தொடும் முன்
2. ஊசி, டிரெஸ்ஸிங், கத்தீட்டர் போன்ற சுத்தமான வேலைக்கு முன்
3. ரத்தம், சிறுநீர், சளி பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின்
4. நோயாளியைத் தொட்ட பின்
5. கட்டில், சலைன் ஸ்டாண்டு, மானிட்டர் என நோயாளியைச் சுற்றியுள்ளவற்றைத் தொட்ட பின்

ஆல்கஹால் ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ பட்டிருந்தாலும், வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தாலும் சோப்பும் தண்ணீரும்தான். மற்ற நேரங்களில் ஹேண்ட் ரப்பே போதும். வேகமானது, குழாயில் தண்ணீர் வராத நேரத்திலும் கைகொடுக்கும். கட்டைவிரல், நகக்கண், விரலிடுக்கு மூன்றும் அதிகம் விடுபடும் இடங்கள். மோதிரமும் வளையலும் கைக்கடிகாரமும் பணிநேரத்தில் வேண்டாம்.

காலை ஊசி நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். டிரேயில் ஊசிகளை அடுக்கிக்கொண்டு கையுறை போட்டபடி முதல் கட்டிலில் தொடங்குகிறார்கள். வென்ஃப்ளான் மூடியைத் திறந்து மருந்தை ஏற்றி, பிளாஸ்டரை அழுத்தி, கேஸ் ஷீட்டில் குறித்துவிட்டு, அதே கையுறையோடு இரண்டாம் கட்டிலுக்குப் போகிறார்கள். கையுறை அந்தப் பணியாளரின் தோலைக் காத்தது. முதல் கட்டில் கிருமியோ அதே கையுறையில் இரண்டாம் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை சுத்தம் என்பதே விதி. டிரேயிலேயே ஒரு ஹேண்ட் ரப் பாட்டில் இருந்தால் இது நடக்கும்; வார்டின் கோடியில் சுவரில் மாட்டியிருந்தால் நடக்காது.

குழாய்கள்: தேவையா என்று தினமும் கேளுங்கள்

உடலுக்குள் போகும் ஒவ்வொரு குழாயும் கிருமி நுழையும் வழி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்தே விதிகளை எடுத்துக்கொண்டன: கை கழுவுதல், முழுத் தடுப்பு உடையும் விரிப்பும், குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல். இவற்றை ஒவ்வொரு முறையும் விடாமல் செய்ததில் ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. 2006இல் வெளியான இந்த முடிவுக்குப் புதிய மருந்தோ விலையுயர்ந்த இயந்திரமோ தேவைப்படவில்லை.

*சிறுநீர்க் கத்தீட்டர்.* எத்தனை நாள் இருக்கிறதோ, அந்த அளவுக்கு ஆபத்து கூடும். படுக்கை நனைகிறது என்பதோ, உடனிருப்பவருக்குச் சிரமம் என்பதோ கத்தீட்டர் போடக் காரணமாகாது. போட்ட தேதியைச் சிறுநீர் சேரும் பையிலும் கேஸ் ஷீட்டிலும் எழுதுங்கள். பை எப்போதும் மூத்திரப் பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, இணைப்பைப் பிரிக்கக்கூடாது.

இதில் ஓர் இடம் கவனத்துக்கு வராமலே போகிறது. திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ 108 ஆம்புலன்சில் அனுப்பும்போது, ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் வயிற்றின் மேலோ கால்களுக்கு நடுவிலோ சிறுநீர் சேரும் பையை வைத்துவிடுகிறார்கள். பையில் தேங்கிய நீர் வண்டி குலுங்கும் வழியெல்லாம் திரும்பி உள்ளே ஓடுகிறது. ஏற்றும் முன் பையைக் காலி செய்யுங்கள். வண்டி கிளம்பும்போது ஸ்ட்ரெச்சரின் பக்கவாட்டில் கீழே தொங்கவிடுங்கள். அனுப்பும் சீட்டில் கத்தீட்டர் போட்ட தேதியை எழுதுங்கள்.

*வென்ஃப்ளான்.* மருந்து ஏற்றும் முனையை ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் துடைத்து, உலரவிட்டு, பிறகே சிரிஞ்சைப் பொருத்துங்கள். சிகிச்சை மாத்திரைக்கு மாறிய அன்றே வென்ஃப்ளானை எடுத்துவிடுங்கள். “நாளைக்குத் தேவைப்பட்டா?” என்று விட்டுவைக்க வேண்டாம்.

*வென்டிலேட்டர்.* தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வையுங்கள். வாயைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள். மயக்க மருந்தைக் குறைத்துத் தானாக மூச்சுவிட முடிகிறதா என்று மருத்துவர் தினமும் சோதிக்க வேண்டும்.

அறுவை அரங்கு

சிசேரியனோ குடலிறக்கமோ கண்புரையோ, சான்று உறுதியாக உள்ளவை இவை:

- முந்தைய நாளோ அன்று காலையோ சோப்பு போட்டுக் குளியல்.
- பிளேடால் மழிக்க வேண்டாம். மழிக்கும்போது விழும் நுண்ணிய கீறல்களில் கிருமி குடியேறும். முடியை நீக்கியே ஆகவேண்டும் என்றால் கிளிப்பர் மட்டும்.
- தடுப்பு ஆன்டிபயாடிக் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். சிசேரியனுக்கும் இதே விதி; குழந்தையை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சுத்தமான அறுவைக்குப் பிறகு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஐந்து நாள் தொடர்வதால் பலன் கூடுவதில்லை.
- ஆட்டோகிளேவில் ஒவ்வொரு சுமையிலும் நிறம் மாறும் இன்டிகேட்டர். தேதி, சுமை எண், கையெழுத்துடன் பதிவேடு. நிறம் மாறாத பொட்டலத்தைத் திறக்கக்கூடாது.
- அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். உலக சுகாதார நிறுவனம் டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது.

கண் அறுவையில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே நாளில் பலருக்கு, ஒரே அரங்கில், ஒரே தொகுதித் திரவத்தோடு அறுவை நடப்பதால் ஒரு பிழை எல்லோரையும் தாக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கருவித்தொகுப்பு. உள்ளே செலுத்தும் திரவத்தின் தொகுதி எண் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும். அறுவைக்கு முன் கண்ணில் 5 சதவீத போவிடோன் அயோடின் விட்டுக் குறைந்தது மூன்று நிமிடம் காத்திருத்தல். மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது ஒருவருக்கு வலி, சிவப்பு, பார்வைக் குறைவு இருந்தாலும் அன்றைய மற்ற அறுவைகளை நிறுத்திவிட்டு எல்லோரையும் பரிசோதியுங்கள்.

மதுரையில் 1976இல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதில் நமக்குச் சொந்தச் சான்றையே தந்திருக்கிறது. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்துவதை அதன் மருத்துவமனைகள் வழக்கமாக்கின. ஆறு லட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், கண்ணின் உட்தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்திருந்தது. இலவச முகாம் நோயாளிகளையும் கட்டண நோயாளிகளையும் சேர்த்துப் பார்க்கும் நிறுவனத்திலிருந்து வந்த எண் இது. இலவசம் என்பதற்காகப் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

கழிவும் ஊசிக்குத்தும்

2016 உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, கழிவை உண்டாக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும்.

- மஞ்சள்: ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, நஞ்சுக்கொடி, காலாவதி மருந்து
- சிவப்பு: ஊசி நீக்கிய சிரிஞ்ச், சலைன் குழாய், கத்தீட்டர், கையுறை
- வெள்ளை: ஊசி, பிளேடு (துளைக்க முடியாத டப்பாவில்)
- நீலம்: மருந்துக் கண்ணாடிக் குப்பி

48 மணி நேரத்துக்கு மேல் கழிவைத் தேக்கக்கூடாது. ரத்தம் சிந்தினால் உறிஞ்சும் துணியைப் போட்டு, அன்றன்று கலந்த 1 சதவீத ஹைப்போகுளோரைட்டை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள்.

ஊசியின் மூடியைத் திரும்பப் போடாதீர்கள். குத்திவிட்டால் பிழியாமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி உடனே தெரிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் வரை எல்லோருக்கும் போடப்பட்டிருக்க வேண்டும். கழிவுப் பையைத் தூக்கும்போது முதலில் குத்துவது அவர்களைத்தான்.

ஆன்டிபயாடிக்கைக் காப்பாற்றுங்கள்

கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனெமுக்கும் அசையாத, என்.டி.எம்.-1 நொதி கொண்ட கிருமிகள் சென்னையிலும் பரவியிருப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. இத்தகைய கிருமிகளைத் தடுக்க 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. வார்டில் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கல்ச்சருக்கு மாதிரி எடுங்கள், 48 முதல் 72 மணி நேரத்தில் முடிவைப் பார்த்து நிறுத்தவோ குறைக்கவோ முடியுமா என்று கேளுங்கள்.

அளக்காமல் குறைக்க முடியாது

சிறிய நர்சிங் ஹோமிலும் இந்தக் கணக்கைப் போடலாம். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் கத்தீட்டர் இருக்கிறது என்று எண்ணிக் கூட்டுங்கள். மாதம் முடிவில் கூட்டுத்தொகை 240 என்றும், கத்தீட்டரால் தொற்று வந்தவர்கள் 3 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். 3ஐ 240ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் 12.5. ஆயிரம் கத்தீட்டர் நாளுக்கு 12.5 தொற்று என்பது உங்கள் விகிதம். அடுத்த மாதமும் அதே முறையில் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

தொடங்கும் வரிசை இது. முதல் மாதம் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு தூய்மைப் பணியாளர் கொண்ட குழு அமைத்துக் கை சுத்தத்தை மட்டும் எடுங்கள். இரண்டாம் மாதம் கத்தீட்டர். மூன்றாம் மாதம் அறுவைப் புண். சிசேரியன் ஆன தாய்மாரை 30ஆம் நாள் வரை தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொற்றைத் தெரிவித்தவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதம் தொற்று இராது, பதிவேட்டில் மட்டும். 2015இல் தொடங்கிய காயகல்ப் திட்டம் சுத்தமான அரசு மருத்துவமனைகளுக்குப் பரிசு தருகிறது. ஆய்வுக்குழு வரும் வாரத்தில் மட்டும் ஹேண்ட் ரப் பாட்டில் நிரம்பினால் நோயாளிக்குப் பயனில்லை.

நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும்

“சிஸ்டர், கை சுத்தம் பண்ணிட்டீங்களாம்மா?” என்று கேட்பது உங்கள் உரிமை. டாக்டரிடமும் கேட்கலாம். “இந்தக் குழாய் இன்னும் வேணுங்களா?” என்று தினமும் கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு உதவினால் இடையில் கை கழுவுங்கள். நோயாளியின் கட்டிலில் உட்கார வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ளவர்களையும் கைக்குழந்தைகளையும் பார்வை நேரத்தில் அழைத்து வராதீர்கள். தையல் இடத்தில் விபூதியோ மஞ்சளோ எண்ணெயோ தடவ வேண்டாம்.

பணியாளர்களே, அப்படிக் கேட்பவரிடம் முகம் சுளிக்காதீர்கள். “இதோ பண்றேங்க” என்று அவர் கண்ணெதிரே செய்யுங்கள். இந்த அத்தியாயத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதிக்கு ஹேண்ட் ரப், சோப்பு, ஒரு பதிவேடு, ஒரு பேனா போதும். இவை திண்டிவனத்திலும் கிடைக்கும், முண்டியம்பாக்கத்திலும் கிடைக்கும். இன்றைய ஷிப்டிலேயே தொடங்குங்கள்.